அந்தக் கட்டத்தில் நான் எழுதிய சொல்

எதிர்வீட்டில் ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள். காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வேலையாட்கள் இரண்டு பேர் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெள்ளை மாவைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். நனைந்த சுண்ணாம்புச் சுவரைப் போன்ற அந்த வாசனை தெருவைத் தாண்டி என்னிடம் வந்தது. எழுந்து போய்த் தொட்டிக்குள் விரலை வைத்துப் பார்த்தேன். மாவில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. “கை வெக்காதீங்க பெருசு, ஒட்டிக்கும்” என்றார் ஒருவர். இருபத்தெட்டு வருடம் அந்த மாவில்தான் சோறு தின்றேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். உங்களை ‘நீ’ என்று கூப்பிட எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. உங்கள் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒருமுறை அதை ஒரு காகிதத்தில் எழுதினேன். அது போதும்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனிக்கு நீங்கள் வேலைக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். முப்பது பேர் வேலை செய்த சின்னக் கம்பெனி. பொம்மைகளும் ஊறுகாய் ஜாடிகளும் செய்தோம். பிளாஸ்டர் என்கிற அந்த வெள்ளை மாவில் அச்சு செய்வது என் வேலை. எல்லாரும் என்னை மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். அச்சில் பீங்கான் குழம்பை ஊற்றி, கொஞ்சம் இறுகியதும் எடுத்துக் காயவைத்தால், பொம்மையின் இரண்டு பக்கமும் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சுரண்டி எடுக்கும் வேலைக்குத்தான் உங்களை முதலில் வைத்தார்கள். வெள்ளைத் தூள் உங்கள் புருவம்வரை படிந்திருக்கும். மூன்றே மாதத்தில் உங்கள் கை நிதானத்தைப் பார்த்து முதலாளி கண் எழுதும் வேலைக்கு மாற்றினார். பொம்மைக்குக் கண் எழுதும்போது நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்வீர்கள். எழுதி முடித்ததும் மெல்ல விடுவீர்கள். அந்த மூச்சு என் மேசைவரை கேட்கும்.

உங்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நல்லூர்ப் பக்கத்திலிருந்து விருத்தாசலத்துக்கு வாழ வந்தவர். உங்கள் கணவர் ஒரு சர்க்கார் ஆபீசில் பியூனாக இருந்து மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அப்போது உங்களுக்கு இருபத்து நான்கு வயது. குழந்தை இல்லை. பிறந்த வீட்டுக்குப் போகாமல் மாமனாரோடு தங்கிவிட்டீர்கள். ஒரே மகனைப் பறிகொடுத்த ஆறாம் மாதத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. “அவரு பேசறது எனக்கு மட்டும்தான் புரியும் மேஸ்திரி. அப்புறம் நான் எப்படிப் போறது?” என்று ஒருமுறை சொன்னீர்கள்.

கம்பெனியில் வந்த கூலி அரிசிக்கே சரியாகப் போய்விடும். கணவர் பெயரில் மாதாமாதம் கருவூலத்தில் வாங்கும் குடும்ப ஓய்வூதியம்தான் மாமனாரின் மருந்துக்கும் தைலத்துக்கும் ஆனது. அதை வாங்குவதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சான்று கொடுக்க வேண்டும், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று. கிராம முன்சீப் கையெழுத்துப் போட வேண்டும், நீங்களும் போட வேண்டும். எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதை என்னிடம் கொண்டுவருவீர்கள்.

“பொண்டாட்டி செத்த ஆம்பளைய இப்படிக் கேப்பாங்களா மேஸ்திரி?”

“கேக்க மாட்டாங்க.”

“அதானே பாத்தேன்” என்று சிரித்துவிட்டு, தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொள்வீர்கள்.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது. அம்மா போய்விட்டார். அக்காவைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஒண்டி ஆள், ஒற்றை அறை. ஒரு மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் பாய் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தார். மங்கலம்பேட்டைக்காரர் அவர். உங்கள் வீட்டுக்கு நேர் எதிரே மளிகைக்கடை வைத்திருந்தார், உங்களைத் தங்கச்சி என்றுதான் சொல்வார். “தங்கச்சி குடுத்து வுட்டுச்சு. குடிச்சுட்டுத் தூக்குச் சட்டியக் குடுங்க, நான் நாளைக்கும் வரணும்ல” என்றார். ஏழு நாள் வந்தார். வேலைக்குத் திரும்பியதும் உங்களிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்ததென்று சொன்னேன். நீங்கள் பொம்மையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சிரித்தீர்கள். அன்றைக்கு எல்லாம் முடிவாகிவிட்டது, என் அளவில்.

ஆனால் உங்களிடம் கேட்கவில்லை. உங்களைக் கட்டிக்கொண்டால் அந்த ஓய்வூதியம் நின்றுபோகும். பெரியவரின் மருந்துக்கு நான் என்ன செய்வேன், என் கூலியில் மூன்று பேர் எப்படிச் சாப்பிடுவது என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுப் போட்டு விடை தெரியாமல் விட்டுவிட்டேன். கணக்கை நான் ஒருவனே போட்டேன். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று தோன்றவேயில்லை.

அடுத்த வருடம் எங்கள் கம்பெனிக்கு பி.எஃப். வந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஃபாரம் எழுதச் சொன்னார் குமாஸ்தா. நான் இறந்தால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு கட்டம், அவர் எனக்கு என்ன உறவு என்று பக்கத்தில் இன்னொரு கட்டம்.

“அக்கா பேரைப் போடட்டுமா மேஸ்திரி?” என்றார் குமாஸ்தா. “யாரா இருந்தாலும் குடும்பத்து ஆளாத்தான் இருக்கணும்.”

“குடுங்க, நானே எழுதறேன்” என்று வாங்கிக்கொண்டேன். அக்காவுக்குக் குறைவில்லை, பெண்ணாடத்தில் கரும்பு போட்டிருந்தார்கள். நான் செத்தால் அந்தப் பணம் உங்களுக்கு வர வேண்டும் என்று மட்டும்தான் அந்த நேரத்தில் நினைத்தேன். முதல் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதினேன். இரண்டாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு ‘மனைவி’ என்று எழுதினேன். குமாஸ்தா வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டோடு சேர்த்துக்கொண்டார். அன்று சாயங்காலம் மணிமுத்தாற்றுப் பாலத்தின் மேல் சைக்கிளில் போகும்போது நான் சீட்டியடித்தேன். அவ்வளவு சந்தோஷம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒன்றரை வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்த பிறகு நீங்கள் ஒரு பழுப்பு உறையோடு அச்சுக்கூடத்துக்கு வந்தீர்கள். வாளியில் அப்போதுதான் பிளாஸ்டர் கரைத்திருந்தேன்.

“கருவூலத்துல பணம் இல்லன்னுட்டாங்க மேஸ்திரி. இதைக் குடுத்தாங்க. சர்க்கார் தமிழு, எனக்குப் புரியல.”

கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன். தாங்கள் மறுமணம் செய்துகொண்டது தெரியவந்திருப்பதால் குடும்ப ஓய்வூதியம் நிறுத்தப்படுகிறது. மறுமணமான நாள் முதல் தாங்கள் பெற்றது மிகைத் தொகை. அதை முழுவதும் திருப்பிச் செலுத்த வேண்டும். உண்மையை மறைத்துச் சான்று அளித்ததற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

மறுமணமான நாள் என்று ஒரு தேதி போட்டிருந்தது. அது எனக்குத் தெரிந்த தேதி. ஃபாரத்தின் அடியில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் நானே எழுதிய தேதி.

நான் படித்ததைக் கேட்டு முதலில் நீங்கள் சிரித்துவிட்டீர்கள். “அட! நான் யாரைக் கட்டிக்கிட்டேனாம்? பேரு போட்டிருக்குதா?”

“போடலீங்க” என்றேன்.

கடிதத்தில் பெயர் இல்லைதான். ஆனாலும் அது பொய். பிறகு உங்கள் சிரிப்பு நின்றது. “திருப்பிக் கட்டணும்னா அவ்வளவு பணத்துக்கு எங்க போவேன் மேஸ்திரி? வூட்டுல ஒரு அண்டாவும் ரெண்டு குடமும்தான் இருக்குது.” ஏதோ விசாரிக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் போன பிறகு வாளியைப் பார்த்தேன். பிளாஸ்டர் கல்லாக இறுகிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

குமாஸ்தாவைப் பிடித்துக் கேட்டேன். டீக்கடையில் யாரிடமோ வேடிக்கையாகச் சொன்னதை ஒப்புக்கொண்டார். அது யார் யார் வாயிலோ போய், கடைசியில் யாரோ ஒருவர் உங்கள் கணவர் வேலை செய்த ஆபீசுக்கு மொட்டை மனு போட்டிருக்கிறார். அவர்கள் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு ஃபாரத்தின் நகலை வாங்கியிருக்கிறார்கள். மனு போட்டவர் யார் என்று இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. அவர் எழுதியது வெறும் வதந்தி. அதற்கு ஆதாரம் எழுதிக் கொடுத்தவன் நான்.

அதையும் உங்களிடம் உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் உங்கள் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தேன். மூன்றாம் நாள் நீங்கள் லீவு போட்டுவிட்டுக் கடலூர் ஆபீசுக்குப் பஸ் ஏறிப் போனதாகச் சொன்னார்கள். அங்கே ஒரு எழுத்தர் இரக்கப்பட்டுக் கோப்பைத் திறந்து அந்த நகலைக் காட்டியிருக்கிறார். மறுநாள் காலையில் நேராக அச்சுக்கூடத்துக்கு வந்து நின்றீர்கள்.

“அது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க.”

நீங்கள் கத்துவீர்கள் என்று நினைத்தேன். அழுவீர்கள் என்றும் நினைத்தேன். நீங்கள் என் மேசையில் இருந்த ஒரு பாதி அச்சை எடுத்து, உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, திரும்ப வைத்தீர்கள்.

“சரி. அப்ப ஆட்சேபணை மனுவையும் நீங்களே எழுதுங்க.”

எழுதினேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன், அதுவரை ஒரு லீவு லெட்டருக்கு மேல் எழுதியதில்லை. மறுமணம் நடக்கவில்லை, எந்தக் கோயிலிலும் எந்தப் பதிவு ஆபீசிலும் நடக்கவில்லை, அந்தப் படிவம் என் அறியாமையால் நானாக எழுதியது, இவருக்கு அதில் சம்பந்தமில்லை என்று என் பெயரில் தனியாக ஒரு வாக்குமூலமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்த் தகவல் கொடுத்ததாக நானே எழுதிக் கொடுத்தால் வேலை போகும், கேஸும் வரலாம் என்று குமாஸ்தா பயமுறுத்தினார். போகட்டும் என்றேன். கிராம முன்சீப் ஒரு சான்று கொடுத்தார். பாய் கேட்காமலே சாட்சிக்கு முன்வந்தார்.

மனு போய் நாலு மாதம் பதில் இல்லை. அந்த நாலு மாதத்தைத்தான் என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை. முதலில் அண்டா போயிற்று. பிறகு குடங்கள். பிறகு உங்கள் கணவரின் சைக்கிள். பெரியவருக்குத் தைலம் தேய்த்துக் காலை நீட்டி மடக்கிவிட வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்த வைத்தியரை நிறுத்திவிட்டீர்கள். ஒரு சம்பள நாளில் என் கவரைப் பிரிக்காமல் உங்கள் மேசையில் வைத்தேன். நீங்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அதை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினீர்கள்.

“உங்க காசு என் வூட்டுக்குள்ள வந்தா அவங்க எழுதினது நெசமாயிடும் மேஸ்திரி.”

“பெரியவருக்குத்தாங்க.”

“அவருக்குத் தெரிஞ்சா குடிக்கிற தண்ணியக் கூட துப்பிடுவாரு. எடுத்துக்குங்க.”

எடுத்துக்கொண்டேன். பாயிடம் கொடுத்து அவர் கடனாகக் கொடுப்பது போலக் கொடுக்கச் சொன்னேன். பாய் முடியாது என்று தலையை ஆட்டினார். “நான் சாட்சி சொல்லப் போறவன் மேஸ்திரி. என்னைப் பொய்யில எறக்காதீங்க. நானே கடன் குடுத்துட்டுத்தான் இருக்கேன், அது நெசம்.”

ஒரு நாள் மத்தியானம் பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். நீங்கள் வேலையில் இருந்தீர்கள். பாய் ஒருவரால் தூக்க முடியவில்லை. கம்பெனிக்கு ஆள் அனுப்பினார். நீங்கள் ஓடினீர்கள், பாய் சொன்னாரென்று நானும் போனேன். உங்கள் வீட்டு வாசற்படியை நான் மிதித்தது அந்த ஒரே ஒருமுறைதான். நானும் பாயும் அவரைத் தூக்கிப் படுக்க வைத்தோம். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. உங்களைப் பார்த்தேன். நீங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். “என்ன சொல்றாருங்க?” என்று கேட்டேன். “தண்ணி கேக்கறாரு” என்றீர்கள். தண்ணீர் கொடுத்தபோது அவர் குடிக்கவில்லை.

ஐந்தாம் மாதம் கடலூரில் விசாரணை என்று கடிதம் வந்தது. நீங்கள், நான், பாய் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். நீங்கள் முன்னால் பெண்கள் சீட்டில், நாங்கள் இரண்டு பேரும் கடைசியில். அதிகாரி வயதானவர். தலைப்பில் கிழிசலை மடித்து மறைத்து நின்ற உங்களை முதலில் உட்காரச் சொன்னார். அதற்காக அவரை நான் இன்றும் மரியாதையாகத்தான் நினைக்கிறேன்.

முதலில் பாயைக் கேட்டார். “கடை தொறந்தா என் கண்ணு முன்னால அந்த வாசல்தான் சார். அல்லா மேல ஆணையா சொல்றேன், இந்த ஆளு அந்த வூட்டுக்கு ஒரே ஒரு தரம்தான் வந்தாரு. அதுவும் நான் கூப்பிட்டு, பெரியவரைத் தூக்க. தங்கச்சிக்கும் இவருக்கும் கலியாணம் ஒண்ணும் கெடையாது.”

அடுத்து என்னை. “எதுக்கய்யா இப்படி எழுதினே?”

வழியெல்லாம் ஒரு பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். குடும்பத்து ஆள்தான் வேண்டும் என்று குமாஸ்தா சொன்னார், தெரியாமல் எழுதிவிட்டேன் என்று. வாய் திறந்ததும் அது வரவில்லை. “எனக்கு எழுத வேற யாரும் இல்லீங்க. மனசுல இருந்ததை எழுதிட்டேன்” என்றேன்.

“இந்த அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“கல்யாணம் ஆகாதவன் யார் பேரை வேணும்னாலும் போடலாமே. உறவில்லைன்னு எழுதியிருந்தாலும் செல்லுமே. அது தெரியாதா உனக்கு?”

தெரியாது. அந்த ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால் இத்தனையும் இல்லை.

கடைசியாக உங்களைப் பார்த்துக் கேட்டார். “இவர் உங்களுக்கு யாரும்மா?”

“கூட வேலை செய்யறவரு.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லீங்க.”

“இவரைக் கட்டிக்கிற எண்ணம் ஏதாவது உங்களுக்கு இருந்ததா? பயப்படாம சொல்லுங்க. இருந்தாலும் அது குத்தம் இல்லை. எழுதிக்கிறதுக்காகக் கேக்கறேன்.”

பக்கத்தில் எழுத்தர் பேனாவோடு காத்திருந்தார். நீங்கள் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, “இல்லீங்க” என்றீர்கள். எழுத்தர் எழுதிக்கொண்டார். நீங்கள் எழுந்து போய்ப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள்.

விசாரணை முடிந்து உத்தரவு வர இன்னும் ஏழு வாரம் ஆயிற்று. ஆறாவது வாரம் பெரியவர் போய்விட்டார். படுத்த இடத்தில் முதுகு புண்ணாகி, அது ஆறாமல், காய்ச்சல் கண்டு மூன்றே நாளில். அடுத்த வாரம் தபால்காரர் உத்தரவைக் கம்பெனிக்கே கொண்டுவந்து கொடுத்தார். மறுமணம் நிரூபிக்கப்படவில்லை. நிறுத்திய ஆணை ரத்து செய்யப்படுகிறது. மிகைத் தொகை எதுவும் இல்லை. நிலுவை முழுவதும் ஒரே தவணையில் வழங்கப்படும். நான் சத்தமாகப் படித்தேன். கண் எழுதும் மேசையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். நீங்கள் அன்றைக்கும் பொம்மையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஒரு வாரம் முந்தி வந்திருந்தா அவருக்குப் படிச்சுக் காட்டியிருப்பேன்” என்றீர்கள். அவ்வளவுதான்.

நிலுவைப் பணத்தில் முதலில் பாயின் கடனைத் தீர்த்தீர்கள். மீதியில் பெரியவருக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்தீர்கள். அண்டாவைத் திரும்ப வாங்கவில்லை. என் மேல் கேஸ் எதுவும் வரவில்லை. ஃபாரத்தைத் திருத்தி அக்கா பெயரை எழுத வைத்தார்கள். முதலாளி ஒரு வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

பெரியவருக்கு வருடாந்திரம் முடியட்டும் என்று காத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் நீங்கள் விளக்குப் போட்டுவிட்டு வரும்போது கோபுர வாசலுக்குள் நின்று கேட்டேன். அதற்கு முன் கேட்க வேண்டியதை அன்றைக்குக் கேட்டேன். இப்போது பெரியவரும் இல்லை, ஓய்வூதியம் போனால் போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நீங்கள் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

“இப்ப நாம கட்டிக்கிட்டா என்ன ஆவும் தெரியுமா மேஸ்திரி? பாய் அல்லா மேல ஆணை வெச்சு சொன்னாரு. அதைப் பொய்யின்னு ஊரு சொல்லும். அன்னிக்கே கட்டிக்கிட்டவங்கதான், மறைச்சாங்கன்னு திரும்ப மனு போடுவாங்க. எழுதிப் போட இங்க ஆளா இல்ல?”

“எழுதட்டும். அதையும் பாத்துக்கலாம்.”

“என்னால ஆவாது. திரும்ப ஒரு வாட்டி அந்த ரூமுல போயி என்னால நிக்க முடியாது.” யாரோ ஒரு குடும்பம் எங்களைத் தாண்டி உள்ளே போனது. அவர்கள் போகும்வரை காத்திருந்து மெதுவாகச் சொன்னீர்கள். “அங்க எல்லாரும் நெசத்தைத்தான் சொன்னாங்க. முன்சீப் எழுத்துல சொன்னாரு, பாய் சொன்னாரு, நீங்களும் சொன்னீங்க. நான் ஒருத்திதான் பொய் சொன்னேன்.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

“மாமாவுக்கும் தெரியும். அன்னிக்கி உங்க கையப் பிடிச்சுக்கிட்டு அவரு தண்ணி கேக்கல. இவளக் கூட்டிக்கிட்டுப் போன்னு சொன்னாரு.”

நான் அழுதுவிட்டேன். கோயில் வாசலில், பட்டப்பகலில். நீங்கள் அழவில்லை. எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டீர்கள்.

“அந்த ஃபாரத்துல எழுதறதுக்கு முந்தி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீங்க. ஊரே நான் யாருன்னு என்னைக் கேக்காம எழுதுச்சு. மனு போட்டவன் எழுதினான், ஆபீஸ்ல எழுதினாங்க. உங்களையும் அந்த வரிசையில வெக்க எனக்கு மனசு வரல. ஆனா நீங்கதான் மொதல்ல எழுதினீங்க.”

பிறகு, “போயிட்டு வரேன் மேஸ்திரி” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அடுத்த மாதம் நான் வேறு கம்பெனிக்கு மாறிக்கொண்டேன். அதே பேட்டைதான், மூன்று கொட்டகை தள்ளி. உங்களைத் தினமும் பார்க்காமல் இருப்பது உங்களுக்கு நல்லது என்று மறுபடியும் நானாகவே முடிவு செய்தேன். அதையாவது கேட்டிருக்கலாம். எப்போதாவது டீக்கடைப் பக்கம் எதிரெதிரே வந்தால் நின்று, “நல்லா இருக்கீங்களா?” என்பீர்கள். “இருக்கேங்க” என்பேன்.

ஐந்தாறு வருடம் கழித்து உங்களுக்கு இருமல் ஆரம்பித்தது. ஆரம்பத்தில் சுரண்டிய தூளா, பிறகு பூசிய சாயமா, யாரும் சரியாகச் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டு நல்லூருக்கே உங்கள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டீர்கள். எழுபதுகளின் கடைசியில் ஒரு காலையில் பாய் என் கொட்டகை வாசலில் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன். நல்லூரில் உங்கள் தங்கை கணவர் இறுதிக் காரியம் எல்லாம் செய்தார். நான் கம்பெனி ஆட்களோடு ஓரமாக நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர், “நீங்க யாரு, எந்த ஊரு?” என்று கேட்டார். பாய் எனக்கு முந்திக்கொண்டு, “எங்க ஊரு ஆளுதான்” என்றார். பாயும் போய்ப் பல வருடமாகிறது. இனி இதை எழுதினால் யாருடைய ஆணையும் பொய்யாகாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைத் தியாகம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை. வேலையை விட்ட பிறகு இந்தத் தெருவில் எல்லாருக்கும் மனு எழுதுகிறேன். முதியோர் பணம் நின்றுபோனவர்கள், விதவைப் பணம் நின்றுபோனவர்கள், மகன் இருக்கிறான் என்று பெயர் வெட்டப்பட்டவர்கள், வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்று ஓலை வந்தவர்கள். முப்பது நாள் கெடுவை முதலில் பார்க்கிறேன். பிறகு எழுதுகிறேன். ஒவ்வொரு வரி எழுதியதும் படித்துக் காட்டி, இது உண்மையா, இப்படியே இருக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். ஒரு பக்க மனுவுக்கு அரை நாள் ஆகிவிடும்.

போன வாரம் மேலத்தெருவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பத்து வருடம். அவர் திரும்பி வந்து கூட வாழ்வதாக யாரோ சொன்னார்களாம், பணத்தை நிறுத்திவிட்டார்கள். நாலாவது வரியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே ஐயா. நீங்களே பாத்து எழுதுங்க. எதுக்கு ஒவ்வொண்ணையும் என்னைக் கேக்கறீங்க?”

“உன்னைப் பத்தி எழுதறதும்மா” என்றேன். “உன்னைத்தானே கேக்கணும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அப்பன்னா அந்த மொத வரியத் திருப்பிப் படிங்க. அது அப்படி இல்ல” என்றார்.

அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினோம்.